கையில் செட் விழுந்தால்: அடித்து ஆடுவதா, பதுங்குவதா?

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் கையில் ஜோடியோடு இறங்கினால் ஃப்ளாப்பில் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொது அட்டைகளில்) செட் (அதே மதிப்பில் மூன்றாவது அட்டை) விழுவது சுமார் எட்டரை தடவைக்கு ஒன்று. அப்படி அரிதாக வரும் கையில் காசு பார்க்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பதுங்கல்தான், அதாவது பலத்தை மறைக்கப் பணம் போடாமல் விடுவது. மலேசியாவில் அனுமதி பெற்ற கேசினோ கெந்திங் மலையில் மட்டுமே. கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம் மலையேறி வருபவர் ஃபோல்ட் செய்து (அட்டைகளைக் கைவிட்டு) உட்கார்ந்திருக்க வருவதில்லை. இந்த அலசலுக்கு அதுதான் அடிப்படை.

பிளைண்ட் (அட்டை பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பணம்) 5/10 வெள்ளி, எல்லோரிடமும் 1,000 என்று வைப்போம். நாம் 8-8 வைத்து 40க்கு ரெய்ஸ் செய்கிறோம் (தொகையை உயர்த்துகிறோம்). பெரிய பிளைண்டும் (10 போட்டவர்) பட்டனும் (கடைசியாக ஆடுபவர்) கால் செய்ய (அதே தொகையைப் போட), சின்ன பிளைண்ட் விட்டுப்போன 5ஐயும் சேர்த்து பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 125. ஃப்ளாப்: கிளப் ராஜா, ஹார்ட் 9, ஹார்ட் 8. பெரிய பிளைண்ட் செக் (பணம் போடாமல் விடுகிறார்).

அடித்து ஆடினால்: இப்போது 85. ஒருவர் கால் செய்தால் பாட் 295. டர்னில் (நான்காவது பொது அட்டை) 200, அதற்கும் கால் வந்தால் பாட் 695. ரிவரில் (ஐந்தாவது, கடைசி அட்டை) நம்மிடம் மிச்சம் 675. ஏறக்குறைய பாட் அளவுக்கு ஆல்-இன் (இருப்பதையெல்லாம் போடுவது), யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது. பதுங்கி ஃப்ளாப்பில் செக் செய்தால் அதே 85 டர்னுக்கும், 200 ரிவருக்கும் தள்ளிப்போகிறது. அவர் கடைசிவரை கால் செய்தாலும் ஃப்ளாப்புக்குப் பிறகு கிடைப்பது 285 வெள்ளி; முதல் வழியில் 960. ஒரு சுற்றை விட்டதற்கு விலை 675.

இழப்பு அதோடு நிற்காது. எதிராளியிடம் இரண்டு ஹார்ட் இருந்தால், நாம் பார்க்காத 45 அட்டைகளில் 9 ஹார்ட். அடுத்த அட்டையிலேயே ஒரே பூவில் (ஹார்ட், கிளப் போன்ற இனத்தில்) ஐந்து சேர்ந்து ஃப்ளஷ் ஆகி நம் செட்டை வெல்ல 20%. (அதில் ஹார்ட் ராஜா வந்தால் நமக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்றும் ஜோடியும்), அது ஃப்ளஷை வெல்லும்.) ஜாக்-10 வைத்திருப்பவருக்கும் வரிசையாக ஐந்து சேர 8 அட்டைகள் உதவும். 85 போட்டால் அவர் 210ஐப் பிடிக்க 85 கொடுக்கிறார். அந்த விலைக்குச் சுமார் 29% வாய்ப்பு தேவை. செக் செய்தால் அதே அட்டையை இலவசமாகப் பார்ப்பார். இந்த மாதிரி ஃப்ளாப்பில் பதுங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மூன்று வேறு பூக்களில் ராஜா-7-2 வந்தால் நிலைமை வேறு. அங்கேயும் 'பயமில்லாத ஃப்ளாப், எனவே பதுங்கலாம்' என்று பொதுவாகச் சொல்வது அரைகுறைக் கணக்கு. நம் கையில் ராஜா-ராஜா என்றால் எதிராளிக்கு மிச்சம் ஒரே ராஜா. கால் செய்ய யாரிடமும் ஒன்றும் இருக்காது. ஃப்ளாப்பில் ஒருமுறை செக் செய்து, ஏஸ்-ராணிக்காரருக்கு ஏதாவது ஒட்டட்டும் என்று விடலாம். டர்னில் கட்டாயம் பெட் போட வேண்டும். நம் கையில் 7-7 என்றாலோ மூன்று ராஜாக்கள் வெளியே இருக்கின்றன. ராஜா-ராணி, ராஜா-ஜாக் எல்லாம் காசு தரும் கைகள். அதே ஃப்ளாப்பில் உடனே அடிக்க வேண்டும்.

செக்-ரெய்ஸ் (முதலில் செக் செய்து, எதிராளி பெட் போட்டதும் ரெய்ஸ் செய்வது) இரண்டுக்கும் நடுவில். முதலில் பார்த்த ராஜா-9-8 ஃப்ளாப்பில் நாம் பெரிய பிளைண்டில் இருந்து, ரெய்ஸ் செய்தவர் பின்னால் ஆடுகிறார் என்றால், அவருடைய 85க்கு 260 போடலாம். அவர் கால் செய்தால் பாட் 645, மிச்சம் 700. இரண்டே சுற்றில் எல்லாம் உள்ளே. ஆனால் மூன்று பேர் உள்ள பாட்டில் அவர் பயந்து செக் செய்துவிட்டால் நாம் பதுங்கியதாகவே ஆகிவிடும். எப்போதும் அமைதியாக ஆடுபவர் செக்-ரெய்ஸ் செய்தால் ராஜா-10 கூட ஃபோல்ட் ஆகும். ஃப்ளாப்புக்கு ஃப்ளாப் பெட் போடும் ஆளிடம் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் கை தடுமாறக் கூடாது. எதிராளி 40 போட்டிருக்க, வாய் திறக்காமல் ஒரே 100 சிப்பைத் தள்ளினால் வழக்கமான விதிப்படி அது வெறும் கால். முதலில் 'ரெய்ஸ்' என்று சொல்லித் தொகையையும் சொல்லுங்கள், பிறகு சிப்புகளை ஒரே தடவையில் வையுங்கள். தமிழ் நண்பர்கள் இருவர் ஒரே மேசையில் இருந்தால், ஆட்டம் முடியும்வரை தமிழ்ப் பேச்சு வேண்டாம். மேசையில் ஒரே மொழி என்பது பல அறைகளின் விதி.