துறைவாரியா, குழுவாரியா? ஏஜென்சியில் ஆட்கள் சோர்ந்துபோகும்போது எதை மாற்றுவது

டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் ஆட்கள் வாடிப்போனால் நிர்வாகம் முதலில் கை வைப்பது சம்பளத்தில் அல்ல, வேலை ஓடும் வழியிலும் அல்ல. வெள்ளிக்கிழமை விளையாட்டிலும் மாதச் சிறந்த ஊழியர் சான்றிதழிலும்தான். அவற்றால் பலன் இல்லாததற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற நோய், உடல்நலச் சிக்கல் வகைப்பாடு, வேலைச் சோர்வுக்கு மூன்று முகங்களைச் சொல்கிறது: உடலும் மனமும் களைத்துப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, 'நான் செய்வதால் எதுவும் ஆகவில்லை' என்று தோன்றுவது. முதலாவது வேலைப்பளுவால் வருவது. மற்ற இரண்டும் பெரும்பாலும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் முறையால் வருகின்றன. அதனால் ஒப்பிட வேண்டியது வேலை அமைப்புகளைத்தான்.

14 பேர், 18 கிளையன்ட் உள்ள ஏஜென்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். துறைவாரி அமைப்பில் எஸ்இஓ (கூகுள் போன்ற தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை), விளம்பரம், கன்டென்ட், டிசைன் என்று துறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெட். கிளையன்ட்டுடன் பேசுவது அக்கவுன்ட் மேனேஜர் மட்டுமே. குழுவாரி அமைப்பில் நால்வர் கொண்ட மூன்று குழுக்கள்: ஒரு லீட், விளம்பரம் பார்ப்பவர், எழுதுபவர், டிசைனர். குழுவுக்கு 6 கிளையன்ட். டெக்னிக்கல் எஸ்இஓ, டிராக்கிங் (விளம்பரத்தின் பலனை அளப்பது) இரண்டுக்கும் பொதுவாக இருவர்.

காகிதத்தில் துறைவாரிதான் ஜெயிக்கிறது. இதை மறைத்துவிட்டுக் குழு முறையைப் பாராட்டுவது நேர்மையாகாது. ஒரு மணி நேர வேலைகள் முன்பின்னாக வந்துகொண்டிருக்கின்றன, டிசைனரின் நேரத்தில் 75 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக் கணக்கின் எளிய மாதிரிப்படி, தனி டிசைனரிடம் வேலை சராசரியாக 3 மணி நேரம் காத்திருக்கும். மூன்று டிசைனர்களும் ஒரே வரிசையிலிருந்து எடுத்தால் ஏறக்குறைய 45 நிமிடம்தான்.

ஆனால் அந்தக் கணக்கு, எந்த டிசைனரும் எந்த வேலையையும் எடுக்கலாம் என்று நம்புகிறது. 18 பிராண்டுகளின் நிறம், எழுத்துரு, கிளையன்ட்டுக்குப் பிடிக்காத சொல் எல்லாவற்றையும் ஒருவர் தலையில் வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் பழைய ஃபைலைத் தேடிப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். அதோடு, வரிசை ஒன்றல்ல. ஒரு சின்ன மாற்றம் எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள்.

வெள்ளி மாலை 4 மணிக்குக் கிளையன்ட் கேட்கிறார்: லேண்டிங் பேஜ் (விளம்பரத்தைச் சொடுக்கினால் திறக்கும் பக்கம்) தலைப்பையும் ஆஃபரையும் மாற்ற வேண்டும். அக்கவுன்ட் மேனேஜர் டிக்கெட் (வேலைக் கோரிக்கைப் பதிவு) போடுகிறார். கன்டென்ட் ஹெட் எழுதுபவருக்குத் தள்ளுகிறார். எழுதுபவருக்கு ஒரு சந்தேகம்: ஆஃபர் எந்தத் தேதி வரை? கேள்வி வந்த வழியே திரும்பிப் போய்ப் பதிலோடு வருகிறது. பிறகு டிசைன் ஹெட், டிசைனர், கடைசியில் விளம்பரம் பார்ப்பவர். பக்கத்தைப் புதிதாக ஏற்றும்போது படிவத்துக்குப் பிந்தைய 'நன்றி' பக்கத்தின் முகவரி மாறிவிடுகிறது. படிவம் நிரப்பியவர்களை எண்ணும் கன்வர்ஷன் டேக் பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை கன்வர்ஷன் பூஜ்யம். விளம்பரத்துக்கு எவ்வளவு தருவது என்று தானே முடிவுசெய்யும் தானியங்கி ஏலமும் அந்தப் பூஜ்யத்தை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. யார் தவறு? ஒவ்வொருவரிடமும் 'முடிந்தது' என்று மூடிய டிக்கெட் இருக்கிறது. ஆறு பேரில் மூவர் செய்தியைக் கடத்தியவர்கள் மட்டுமே. வசவு மட்டும் வரிசையின் கடைசியில் இருப்பவருக்குப் போகிறது. மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

அதே கோரிக்கை குழுவில் வந்தால் நால்வரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். தேதிக் கேள்வியை எழுதுபவரே கிளையன்ட்டிடம் கேட்டுவிடுகிறார். விளம்பரம் பார்ப்பவர் பக்கம் ஏறுவதற்கு முன்பே சோதனைப் படிவம் ஒன்றை நிரப்பி டேக் விழுகிறதா என்று பார்த்துவிடுகிறார், ஏனென்றால் திங்கட்கிழமை பதில் சொல்லப்போவது அவரேதான்.

'முடியாது' என்று சொல்லும் வாய்ப்பு யாரிடம் இருக்கிறது என்பதும் பெரிய வேறுபாடு. மெட்டா விளம்பரத்தில் ஒரு ஆட் செட் (ஒரே அமைப்பில் ஓடும் விளம்பரத் தொகுப்பு), யாருக்குக் காட்டுவது என்று தளம் கற்றுக்கொள்ளும் கற்றல் கட்டத்தைத் தாண்ட, 7 நாளில் சுமார் 50 இலக்குச் செயல்கள் தேவை. பெரிய திருத்தம் செய்தால் எண்ணிக்கை மறுபடி தொடக்கத்துக்குப் போகும். இது தெரியாத அக்கவுன்ட் மேனேஜர் தினம் ஒரு மாற்றத்துக்குத் தலையாட்டினால், கேம்பெய்ன் கற்றல் கட்டத்திலேயே கிடக்கும்; 'ரிசல்ட் இல்லை' என்ற பேச்சு விளம்பரம் பார்ப்பவருக்கு. குழுவில் அவரே அழைப்பில் இருப்பதால், மாற்றங்களைச் சேர்த்து வாரம் ஒருமுறை செய்வோம் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

குழு முறையின் குறைகளும் லேசானவை அல்ல. குழுவில் விளம்பரம் பார்ப்பவர் ஒருவர்தான். அவர் தவறாகப் பழகிவிட்டால் திருத்த ஆளில்லை. மூன்று குழுவில் மூன்று விதமான கேம்பெய்ன் பெயரிடல் வந்துவிடும். ஒருவர் விடுப்பெடுத்தால் ஆறு கிளையன்ட்டும் தடுமாறும். முரட்டுக் கிளையன்ட் ஒரே குழுவின் தலையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுவார். லீட் மோசமானவராக இருந்தால் தப்பிக்க இடமே இல்லை. துறைவாரியில் ஒரு கெட்ட மேலாளரின் சூடு பரவலாக விழும், இங்கே மூன்று பேர் மீது முழுதாக விழும். இதற்கெல்லாம் மருந்து உண்டு, ஆனால் முதல் நாளிலேயே போட வேண்டும்: வாரம் ஒரு மணி நேரம் விளம்பரக்காரர்கள் மூவரும் ஒருவர் அக்கவுன்ட்டை ஒருவர் திறந்து பார்ப்பது, ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் வேறு குழுவிலிருந்து மாற்றாள் ஒருவரைப் பெயர் சொல்லி வைப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடினமான கிளையன்ட்டைக் குழு மாற்றுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் நிர்வாகங்கள் அதிகம் தட்டிக்கழிக்கின்றன.

முழுநேர ஆட்களைக் குறைத்து ஃப்ரீலான்சர்களை வைத்து ஓட்டுவது மூன்றாவது வழி. இருக்கும் நான்கைந்து பேரும் சரிபார்ப்பிலேயே தேய்ந்துபோவார்கள். சோர்வுக்கு அது மருந்தல்ல.

எந்த அமைப்பானாலும் நேரத்தை நிரப்பும் அளவு சரியில்லாவிட்டால் பயனில்லை. மேலே சொன்ன தனி வரிசையில் 75 சதவீதத்துக்கு 3 மணி நேரக் காத்திருப்பு. 90 சதவீதமானால் 9 மணி, 95 ஆனால் 19 மணி. ஒருவரை 'முழுசாகப் பயன்படுத்துகிறோம்' என்று மகிழும்போதுதான் எல்லா வேலையும் தாமதமாகிறது. 40 மணி நேர வாரத்தில் பில்லபிள், அதாவது கிளையன்ட் கணக்கில் எழுதும் நேரம், 30-ஐத் தாண்டாமல் பாருங்கள். நால்வர் குழுவுக்கு அது வாரம் 120 மணி. ஆறு கிளையன்ட் என்றால் கிளையன்ட்டுக்கு 20. கிளையன்ட்டுகளைக் குழுக்களுக்குப் பிரிப்பதும் மணிக்கணக்கில்தான் இருக்க வேண்டும், எண்ணிக்கையில் அல்ல. 40 மணிக்கு விற்ற ரிடெய்னர் (நிலையான கட்டணத்துக்குத் தொடர்ந்து வேலை செய்யும் ஒப்பந்தம்) 55 மணி தின்றால் மணிக்குக் கிடைக்கும் வருமானம் 27 சதவீதம் குறைகிறது, ஆட்களின் மாலையும் போகிறது. திருத்தம் இரண்டு சுற்றுதான் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் இரண்டு அமைப்புமே இதைத் தடுக்காது.

8 பேருக்குக் குறைவானால் இந்த மாற்றம் வேண்டாம்; அவர்கள் ஏற்கெனவே ஒரே குழு. 12-க்கு மேல் போனால் குழுமுறைதான் என் தேர்வு. ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் கிளையன்ட்வாரியாக உண்மையான நேரத்தை எழுதுங்கள். அது ஆட்களை மதிப்பிட அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லி, அப்படியே நடந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு குழுவை மட்டும் ஆறு வாரம் ஓட்டி மூன்றைப் பாருங்கள்: கோரிக்கை வந்து வெளியாகும் வரை எத்தனை நாள், மூடிய டிக்கெட் எத்தனை மறுபடி திறந்தது, மாலை 6-க்குப் பிறகு எத்தனை வேலை நடந்தது. இவற்றோடு துறை ஹெட்களை அறிவிப்புக்கு முன்பே தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். மாற்றத்தில் நாற்காலி இழப்பவர்கள் அவர்கள்தான். வாராந்திரச் சரிபார்ப்பும் புதியவர்களுக்குப் பயிற்சியும் இனி அவர்கள் பொறுப்பு என்று எழுத்தில் கொடுங்கள். பொதுக் கூட்டத்தில்தான் இதை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள் என்றால், முதல் ராஜினாமா அவர்களிடமிருந்துதான் வரும்.