கும்பகோணத்து வெயிலில் ஒரு ஜெர்மானியம் ட்ரெபிள் பூஸ்டர்

கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைத்து மேல் சுருதியைத் தூக்கிக் காட்டும் பெடல்தான் ட்ரெபிள் பூஸ்டர். டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் மாதிரியில் நானே கட்டியது கும்பகோணத்தில் சில கோடைகளைத் தாண்டிவிட்டது. கட்ட நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: டிரான்சிஸ்டரின் பெயருக்குக் காசைக் கொட்டாதீர்கள், லீக்கேஜை, அதாவது அதில் வீணாகக் கசியும் மின்னோட்டத்தைப் பாருங்கள்.

1960களில் இங்கிலாந்தில் வந்த அசல், ஆம்ப் தலையில் வைக்கும் சின்ன டப்பா. ஒரு ஸ்விட்ச், ஒரு பாட் (திருகும் குமிழ்), உள்ளே ஒரே ஒரு ஓசி44 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். ஐரிஷ் கிட்டார் கலைஞர் ரோரி கல்லகர் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புக்கு முன்னால் வைத்து வாசித்தது இதைத்தான். நான் போட்டது பழைய ரேடியோ போர்டிலிருந்து கழற்றிய ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்.

ஜெர்மானியத்துக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி ஏறினால் லீக்கேஜ் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சோதிப்பது சுலபம்: டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸை எதிலும் இணைக்காமல் தொங்கவிட்டு, மற்ற இரண்டுக்கும் 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 9 வோல்ட் கொடுத்து, ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 0.24 வோல்ட் காட்டினால் லீக்கேஜ் 100 மைக்ரோ ஆம்பியர். அப்படியே டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள், எண் மளமளவென்று ஏறும். விரல் சூட்டுக்கே இந்தப் பாடு என்றால், சித்திரைப் பகலில் தகரக் கொட்டகை மேடையில் என்ன ஆகும்? பயாஸ் (டிரான்சிஸ்டர் நிற்கவேண்டிய வோல்ட் நிலை) நகர்ந்து, நோட் மலராமல் நசுங்கிப்போகும்.

அதனால் பயாஸை நிர்ணயிக்கும் 68 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டருக்குப் பதில் 100 கே ட்ரிம்மர் (உள்ளே திருகி வைக்கும் சின்ன பாட்) வைத்தேன். டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 7 வோல்ட் பக்கம் நிறுத்திவிட்டு, அப்புறம் காதை நம்பிக் கொஞ்சம் திருகுவேன். டிரான்சிஸ்டருக்கு சாக்கெட் கட்டாயம் வையுங்கள். சால்டரிங் சூடும் படாது, மாற்றிப் பார்க்கவும் வசதி.

எனக்கு அதிகம் பயன்பட்ட மாற்றம் இன்புட் கெபாசிட்டர்தான். அசலில் இருக்கும் 5 நானோ ஃபாரட் கீழ்ச் சுருதியை (பாஸை) மொத்தமாக வெட்டிவிடும். ஏற்கெனவே இருட்டாக ஒலிக்கும் வால்வ் ஆம்ப்புக்கு அது சரி. இங்கே மெல்லிசை மேடைகளில் கிடைக்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் காதைக் குத்தும். ஒரு ஸ்விட்ச் போட்டு 22 நானோ ஃபாரடும் சேர்த்தேன். இப்போது பெரும்பாலும் அதில்தான் வாசிக்கிறேன். கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் போதும், கரகரப்பு விலகி ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்கும். இந்தச் சுகத்துக்காகவே இதைக் கட்டலாம்.

அசலில் பாட் வழியாகவே டிசி மின்னோட்டம் ஓடுகிறது. ஐப்பசி ஈரத்தில் அது கரகரவென்று கத்தியது. அந்த இடத்தில் 10 கே ரெசிஸ்டரை நிரந்தரமாக வைத்து, அவுட்புட் கெபாசிட்டருக்குப் பின்னால் 100 கே பாட்டை மாற்றியதும் அடங்கிவிட்டது.

இது பாசிட்டிவ் கிரவுண்டு, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கிரவுண்டு; மற்ற பெடல்களில் பெரும்பாலும் நெகட்டிவ். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட் ஆகும். பேட்டரியே போதும், ஒரு மில்லி ஆம்பியர்கூடக் குடிக்காது. திருவிழா மேடையில் ஜெனரேட்டர் இரைச்சலும் இதற்குள் வராது. கிட்டாரிலிருந்து வரும் முதல் பெடலாக இதையே வையுங்கள், முன்னால் பஃபர் (சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் சர்க்யூட்) எதுவும் வேண்டாம்.