லயமா, ஏழு பேர்ச்சஸ் தனி வீடா?

இலங்கை மலையகத் தோட்டங்களில் கோப்பிக் காலத்தில் தொடங்கித் தேயிலைக் காலத்தில் பெருகிய லயம், அதாவது தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு, குடும்பத்தை அன்றி வேலையாளை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவும் (அறையும்) முன்னால் ஓர் இஸ்தோப்பும் (திண்ணையும்) என்ற அளவு, காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) போய் இரவில் வந்து படுப்பவருக்குப் போதும்; படிக்கும் பிள்ளைக்கோ பிள்ளை பெற்ற பெண்ணுக்கோ அதில் இடமில்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையானபோதும், 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனபோதும், தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களுக்குக் காம்பரா சொந்தமாகவில்லை.

ஆனாலும் லயத்து வாசலுக்கு ஈடானது தனி வீட்டில் இல்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பந்தல் அங்கேதான் விழும். கொழுந்தெடுக்கப் போன தாய் திரும்பும்வரை பிள்ளைக்குப் பக்கத்துக் காம்பராவில் சோறு கிடைக்கும். அதே சுவர் வழியே அடுத்த வீட்டுச் சண்டையும் வரும், ஒரு காம்பராவில் பற்றிய தீ லயம் முழுவதையும் தின்னும் என்பதை, லயத்துக்காக ஏங்குவோர் சொல்வதில்லை. அந்த ஏக்கம் பெரும்பாலும் கொழும்பில் குடியேறிவிட்டவர்களுடையது என்பது என் எண்ணம்.

இந்திய உதவியுடன் முதலில் 4,000 எனத் திட்டமிடப்பட்டு, 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்த தனி வீடுகள், ஏழு பேர்ச்சஸ் (ஒரு பேர்ச்சஸ் சுமார் 272 சதுர அடி) காணியில், 550 சதுர அடியில் இரண்டு படுக்கையறைகளும் சமையலறையும் கொண்டவை. கதவைச் சாத்திவிட்டு ஒரு பெண் உடை மாற்ற முடிகிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தராசு இந்தப் பக்கமே சாயும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்சரிவில் புதைந்த பிறகு, நிலம் பார்த்துக் கட்டிய வீட்டின் அருமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மலையக நகரான ஹட்டனில் வாடகைக்கு இருப்பது மூன்றாவது வழி. பள்ளிக்கூடமும் பஸ்ஸும் ரயிலும் கிட்ட இருக்கும். நாட்சம்பளத்தை மட்டும் நம்பும் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

எனவே என் தெரிவு தனி வீடே, இரண்டு நிபந்தனைகளுடன். காணி உறுதி (நில உரிமைப் பத்திரம்) குடும்பத்தின் பெயரில், மனைவியின் பெயரும் சேர்த்து, கையில் கிடைக்க வேண்டும்; அதில்லாத வீட்டில் குடியிருப்பவர் பழையபடி தோட்டத்தின் தயவிலேயே இருப்பார். அடுத்து, நிலத்தை ஏழேழு பேர்ச்சஸாகத் துண்டுபோடும்போதே, பந்தல் போடவும் பிள்ளைகள் விளையாடவும் ஒரு பொது வாசலுக்கு வரைபடத்தில் இடம் விட வேண்டும். வீடுகள் எழும்பிய பின் சரிவான மலையில் அதற்குச் சமதரை கிடைப்பது அரிது.