படகுக்கு ஒயர் வாங்குவோர் கவனத்திற்கு: வெள்ளி நிறத்தை நம்பி ஏமாந்தேன்

நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகு வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நாங்கள் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்போம். கடந்த ஆண்டு இயந்திர வேலையும் வண்ணப்பூச்சும் முடிந்த பின், பழைய ஒயர்களையும் மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். அதில்தான் ஏமாந்தேன். கடையின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை.

வெறும் செம்பு ஒயர் கடலில் நீடிக்காது என்பது எனக்குத் தெரியும். நுனியில் நுழையும் உப்புநீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, இழைகளுக்கிடையே உறைக்குள் வெகுதூரம் ஏறிச் செம்பைக் கறுக்க வைத்துவிடும். ஆகவே, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போல ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியே வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர்தான் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் தயங்கவே இல்லை. "மெரைன் ஒயர்தான் சார், பாருங்கள்" என்று நுனியைச் சீவிக் காட்டினார். இழைகள் வெள்ளி போல மின்னின. 4 சதுர மில்லிமீட்டர் அளவில் 90 மீட்டர் சுருள் (காயில்) ஒன்று வாங்கினேன். காயில் கைக்கு லேசாக இருந்தது அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். அந்த அளவுக்குச் செம்பு மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும், உறையின் எடை தனி. பில்லில் 'ஒயர் 1 காயில்' என்று மட்டும் எழுதித் தந்ததையும் நான் கவனிக்கவில்லை.

கடையிலிருந்தே அனுப்பப்பட்ட எலக்ட்ரீஷியன் வீட்டு வேலை செய்து பழகியவர். இணைப்புகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினார். லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்து அழுத்தி, சூடாக்கினால் சுருங்கும், உட்புறம் பசையுள்ள குழாய் போடுங்கள் என்றதற்கு, "இதுவே பத்து வருஷம் நிற்கும்" என்றார். அவரிடம் அதற்குமேல் வாதாடாதது என் தவறு.

நவம்பரில், வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஓர் இரவில், கரையிலிருந்து வெகுதூரத்தில் வி.எச்.எஃப். கருவி (மற்றப் படகுகளோடும் கரையோடும் பேசும் ரேடியோ) விநோதமாக நடந்துகொண்டது. மற்றவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. நாங்கள் பேச மைக்கின் பொத்தானை அழுத்தியதும் திரை அணைந்தது, விட்டதும் மீண்டும் எரிந்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தோம். கேட்பதற்கு மிகக் குறைந்த மின்னோட்டம் போதும், முழுத் திறனில் பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கரை சேர்ந்ததும் மீட்டரை வைத்துப் பார்த்தோம். பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது; பொத்தானை அழுத்தியபோது கருவிக்கு வந்து சேர்ந்ததோ 9.8 வோல்ட். வழிகாட்டு விளக்கு போன்ற முக்கிய இணைப்புகளில் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது 12 வோல்ட்டில் 0.36 வோல்ட்டுக்கு மேல், இழப்பு இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் படகு மின்நெறி.

டேப்பைப் பிரித்தபோது உள்ளிருந்து வெண்பொடி கொட்டியது. இழைகள் இற்றுப்போன நூல் போல விரலிலேயே ஒடிந்தன. செம்பு அரித்தால் கறுக்கும் அல்லது பச்சை பூக்கும். வெண்பொடி அலுமினியத்தின் அடையாளம். கெடாத ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினேன். வெள்ளைப் பூச்சு போனதும் மெல்லிய சிவப்பு தெரிந்தது; இன்னும் சுரண்டியதும் மறுபடி வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்புத் தோல், அதன் மேல் வெள்ளீயம்! செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்தடை கொண்ட இந்த ஒயரில், உப்புநீர் பட்டால் செம்பும் அலுமினியமும் தம்முள் பேட்டரி போலவே வேலை செய்ய, அலுமினியம் கரைந்து போகிறது. லைட்டர் சுடரில் காட்டியபோது இழை உருகி உருண்டது. நல்ல செம்பு இழை சிவந்து நிற்குமே தவிர, அவ்வளவு எளிதில் உருகாது.

கடைக்காரரோ, பில்லில் மெரைன் என்றோ செம்பு என்றோ எங்கே எழுதியிருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார். நீங்கள் வாங்கும்போது 'வெள்ளீயம் பூசிய முழுச் செம்பு' என்று அளவோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். ஓர் இழையை அங்கேயே நடுவரை சுரண்டிப் பார்த்துவிடுங்கள், நுனியின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கழற்றிய ஒயர்களையும், மீதமிருந்த காயிலையும், அந்த ஒற்றை வரிப் பில்லையும் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.