ஏற்காட்டுக்கு ‘சர்ப்ரைஸ் பர்த்டே பேக்கேஜ்’ எடுக்கிறவர்கள் கவனத்துக்கு

சேலத்தில் இருந்தபடி ஏற்காட்டுக்குப் பிறந்த நாள் பேக்கேஜ் நடத்துவதாகச் சொல்லும் ஒருவரிடம் எங்கள் குடும்பம் மொத்தம் 31,420 ரூபாய் கொடுத்தது. அதில் கால்வாசிக்காவது ஏதாவது கிடைத்ததா என்றால் அதுவும் சந்தேகம்தான். பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. அது போக, அந்த ஆள் தன் பக்கத்தின் பெயரை அடிக்கடி மாற்றிக்கொள்வதால் இன்றைய பெயரைச் சொல்லி நாளைக்கு யாருக்கும் உபயோகமில்லை. ஏமாற்றுகிற விதம்தான் முக்கியம். சர்ப்ரைஸ் என்று நாம் மூடி மறைக்கிறோமே, அதை வைத்துத்தான் இவர்கள் பிழைப்பே ஓடுகிறது. யாருக்காக ஏற்பாடு செய்தோமோ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது நாம் சண்டை போட மாட்டோம், கணக்குக் கேட்க மாட்டோம், கேட்ட பணத்தை வாய் பேசாமல் அனுப்பிவிடுவோம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவுக்கு அறுபது. பிறந்தது, வாக்கப்பட்டது, எங்களை வளர்த்தது எல்லாம் செவ்வாய்ப்பேட்டையில்தான். ஏற்காடு முப்பது கிலோமீட்டர். சேலத்துக்காரர்கள் பலருக்கும் உள்ள வழக்கம்தான்: காலையில் போவது, ஏரியில் போட்டிங், அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், கட்டுச்சோறு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது. அங்கே ஒரு ராத்திரி தங்கி, கீழே சேலம் முழுக்க விளக்கு எரிவதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் செய்துகொடுக்கலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். அவன் சென்னையில், நான் இங்கே. என் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேர்.

இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. படங்கள் எல்லாம் அழகு. கண்ணாடிச் சுவர் வைத்த ரூம், பால்கனி, கீழே ஊரின் விளக்குகள். பேசியவர் எடுத்த எடுப்பில் “அக்கா” என்றார். “அம்மாவுக்குன்னா நம்ம அம்மா மாதிரிக்கா, நான் பாத்துக்கறேன்” என்றார். இரண்டு ரூம், போக வர வண்டி, அலங்காரம், முட்டை சேர்க்காத கேக், ராத்திரிச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து 24,000. முன்பணம் 10,000, மீதி 14,000 ரூமில் சாவி வாங்கிய பிறகு. ஏரியில் அலங்காரம் செய்த தனிப் படகு ஒன்று 2,500 ரூபாய்க்குக் கூடுதலாக உண்டு என்றார், அதற்கும் கொடுத்தோம். பணம் போனது கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனி ஆளின் கணக்குக்கு. கேட்டதற்கு, “கரண்ட் அக்கவுண்ட்ல சின்ன பிரச்சினைக்கா” என்று பதில். நேரில் போய் ரூமைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றதற்கு, “உள்ள கெஸ்ட் இருக்காங்க, அவங்க பிரைவசி” என்றார். ஓட்டல் பெயரையாவது சொல்லுங்கள் என்றால், “சொன்னா நீங்க நேரா அங்க பேசிடுவீங்க, என் பொழப்பு என்னாகறது?” என்று சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார், எல்லாமே கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது.

அன்றைக்கு வண்டி வந்தது. சொன்ன வண்டி இல்லை, இன்னொன்று. அது பரவாயில்லை. ரெட்டிப்பட்டி மாமா வீட்டு விசேஷத்துக்குப் போகிறோம் என்று சொல்லி அம்மாவை ஏற்றினோம். அஸ்தம்பட்டி தாண்டி வண்டி ஏற்காடு ரோட்டைப் பிடித்தபோதே அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். சரியாக அந்த நேரத்துக்கு போன் வந்தது. டிரைவர்தான் தகவல் கொடுத்திருக்க வேண்டும், வேறு எப்படித் தெரியும்? மீதிப் பணத்தை இப்போதே அனுப்ப வேண்டுமாம். “மேல போனா சிக்னல் கிடைக்காதுக்கா. அரை மணி நேரத்துல பணம் வரலைன்னா ஓட்டல்காரங்க ரூமை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க.” 14,000 மட்டுமில்லை. ஜிஎஸ்டி பதினெட்டு சதவீதம் 4,320. இ-பாஸ் 600. பேசும்போது இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. ஆகமொத்தம் 18,920.

டீக்கடைக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்த குரலில் வாதாடினேன். அந்தப் பக்கம் அம்மா பேரன் பேத்திக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இங்கே முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? அம்மாவிடம் “பொய் சொல்லிக் கூட்டிவந்தோம், ரூம் இல்லை, திரும்பிப் போகலாம்” என்றா சொல்ல முடியும்? அனுப்பிவிட்டேன். இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது கூடுதல் பணம் கேட்டால் போனை வைத்துவிடலாம். மலை ஏறுகிற வழியில், பெரியவரும் பிள்ளைகளும் கூட இருக்கும்போது கேட்டால் முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

இ-பாஸ் விஷயம் அப்பட்டமான பொய். 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லி நடைமுறைக்கு வந்த இ-பாஸ் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உரியது. நாங்கள் போன நாளில் ஏற்காட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது, சோதனைச்சாவடியில் யாரும் கேட்கவும் இல்லை. அதோடு, இ-பாஸ் இணையத்தில் காசில்லாமல் போட்டுக்கொள்வது. இதற்குப் பணம் என்று யார் கேட்டாலும் அங்கேயே உஷாராகிவிடலாம்.

இருபது கொண்டை ஊசி வளைவையும் பிள்ளைகள் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டு வந்தார்கள். மேலே போனதும் வண்டி ஏரியைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, நாகலூர் ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. நின்ற இடம் ஒரு காபி எஸ்டேட்டின் ஓரம். படத்தில் பார்த்த கண்ணாடிச் சுவரும் இல்லை, பால்கனியும் இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடத்தில் வரிசையாக ரூம்கள். ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும். அதுவும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சேலம் எங்கே?

சேலம் இந்த மலைக்குத் தெற்கே இருக்கிறது. லேடீஸ் சீட் இருக்கும் அந்த விளிம்பில் நின்றால்தான் ஊர் கீழே விரிந்து தெரியும். வடக்கே நாகலூர் பக்கம் ரூமைக் கொடுத்துவிட்டு ‘சிட்டி லைட்ஸ் வியூ’ என்றால், நடுவில் இருக்கும் மலையை யார் நகர்த்துவது? மேகம் இறங்கி மறைத்திருந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது, மலையில் அது சகஜம். இங்கே மேகமே இல்லாவிட்டாலும் தெரியாது. அதனால் ‘வியூ’ என்று சொல்லி விற்கும் எந்த இடத்துக்கும் மேப்பில் இருப்பிடத்தை வாங்கி, அது மலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அதைக் கொடுக்க மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

போன் செய்தேன். அந்த ஓட்டலில் தண்ணீர் மோட்டார் ரிப்பேராம், “அதே மாதிரி இன்னொரு பிராப்பர்ட்டி” கொடுத்திருக்கிறாராம். என் குரல் கொஞ்சம் உயர்ந்ததும் அவர் சொன்னது இது: “அக்கா, பிறந்த நாள் அதுவுமா அம்மா முன்னாடி எதுக்குக்கா பிரச்சினை? சந்தோஷமா கொண்டாடுங்க, திங்கக்கிழமை பேசிக்கலாம்.” எத்தனை வீட்டில் இதே வசனத்தைச் சொல்லிப் பழகியிருந்தால் இவ்வளவு சரளமாக வரும்!

அலங்காரம் என்று ஒரு பையன் பைக்கில் வந்து பத்து நிமிடத்தில் பலூன் ஒட்டிவிட்டுப் போனான். சுவரில் 50 என்று பொன்நிறத்தில் மின்னியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, “பத்து வயசைக் குறைச்சுட்டாங்களே, நல்லவங்கதான்” என்றார். கேக்கில் வேறு யாருடைய பெயரையோ சுரண்டி எடுத்துவிட்டு மேலே கிரீம் தடவியிருந்தது. பெட்டியில் பேக்கரி பெயர் இல்லை, முட்டை சேர்த்ததா இல்லையா என்று அந்தப் பையனுக்கும் தெரியவில்லை. அம்மா வெட்டினார், சாப்பிடவில்லை. என் மகள் “அம்மாயி ஏன் சாப்பிடலை?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி அங்கே யாருக்கும் தகவலே இல்லை. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் அவர் மனைவியும் நல்ல மனிதர்கள். எங்கள் நிலைமையைப் பார்த்துவிட்டு அந்த அக்கா தோசையும் தக்காளிச் சட்னியும் செய்துகொடுத்தார். அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தோம், வாங்கவே மறுத்தார். பேச்சோடு பேச்சாக அந்த அண்ணன்தான் சொன்னார், அவர்களுக்கு வந்தது ரூமுக்கு 1,800 வீதம் 3,600 மட்டுமே. நாங்கள் வருவதே அன்று மதியம்தான் தெரியுமாம். ஆக, மோட்டார் ரிப்பேரும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்களுக்காக எந்த நல்ல ரூமையும் யாரும் எந்தக் காலத்திலும் பிடித்து வைக்கவில்லை. எது காலியாக இருக்கிறதோ அதை அன்றைக்கு மதியம் பிடித்திருக்கிறார்.

மறுநாள் திரும்ப வண்டி இல்லை. டிரைவருக்கு ஒருவழிக்குத்தான் பேசியிருந்தார்களாம். அந்த அண்ணன் பிடித்துக்கொடுத்த ஜீப்பில் ஏரிக்கு வந்தோம். படகு இல்லத்தை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். அங்கே கவுன்ட்டரில் டிக்கெட் எடுத்துத்தான் ஏற வேண்டும், எல்லோருக்கும் வரிசை ஒன்றுதான். எங்கள் 2,500 ரூபாய் படகைப் பற்றிக் கேட்டபோது, வெளியாளுக்கு அப்படி எதுவும் கொடுப்பதில்லை என்றார்கள். நாங்களே டிக்கெட் எடுத்து ஒரு சுற்று போய்விட்டு, பஸ்ஸில் சேலம் இறங்கினோம்.

திங்கட்கிழமை பேசலாம் என்றவர் திங்கட்கிழமை எடுக்கவில்லை. ஜிஎஸ்டிக்கு ரசீது கேட்டு விடாமல் மெசேஜ் போட்ட பிறகு, கையால் எழுதிய ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. அந்த எண் பதினைந்து எழுத்துகள் கொண்டது, தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் 33 என்று தொடங்கும், ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யாருடையது என்று உடனே தெரிந்துவிடும். பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது. எங்கள் 4,320 நேராக அவர் பைக்குத்தான் போயிருக்கிறது.

இனி, இதில் மாட்டியவர்கள் என்ன செய்யலாம் என்பது. ரூமே இல்லாமல், ஆளே இல்லாமல் பணத்தை மட்டும் சுருட்டிக்கொண்டு போனால் அது இணைய மோசடி. 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். எங்கள் ஆள் அதைவிட விவரமானவர். ஏதோ ஒரு ரூம், ஏதோ ஒரு கேக், ஏதோ பலூன் என்று கொடுத்துவிட்டார் அல்லவா, அதனால் இது ‘சேவைக் குறைபாடு’ என்ற கணக்கில் வருகிறது. வங்கியிலும் கதை அதேதான், பின் நம்பரைப் போட்டு நீங்களே அனுப்பிய பணம் என்று சொல்லிவிடுவார்கள். இதற்குப் போக வேண்டியது நுகர்வோர் வழி. முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வெளியூர்க்காரர்கள் ஏற்காட்டில் ஏமாந்துவிட்டு, வழக்குக்கு யார் சேலம் வருவது என்று விட்டுவிடுகிறார்கள். வரத் தேவையில்லை, உங்கள் ஊரிலேயே கொடுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது வாட்ஸ்அப் உரையாடல். ரூம் படம், ‘சிட்டி லைட்ஸ் வியூ’ என்ற வார்த்தை, முட்டை இல்லாத கேக் என்று நான் கேட்டதற்கு அவர் போட்ட கட்டைவிரல், எல்லாம் அதில் இருந்தன. இவற்றை எல்லாம் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அனுப்பியவர் பிறகு அழித்துவிடுவார். எங்கள் ஆள் சிலவற்றை அழித்தார், அதற்குள் தம்பி எடுத்து வைத்திருந்தான். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. அதனால் போனில் ஏதாவது சொன்னால், “நீங்க இப்போ சொன்னது இதுதானே?” என்று எழுதி அனுப்பி ‘ஆமாம்’ வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டால், அந்தக் கணக்கு எப்போது தொடங்கியது, இதுவரை எத்தனை தடவை பெயர் மாறியது என்ற விவரம் பல கணக்குகளுக்கு வரும். கல்யாணம், காதுகுத்து என்று ஊரில் கடை வைத்து நடத்துகிறவர் பெயரை அடிக்கடி மாற்ற மாட்டார்.

சர்ப்ரைஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூட வராத ஒருவர் வேண்டும். ஒரு சித்தப்பாவோ நண்பரோ, முந்தின நாளே மேலே போய் ரூமைப் பார்த்து, சாவியைக் கையில் வாங்கிவிட்டு உங்களுக்கு போன் செய்தபிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். வழியில் வருகிற பணப் பேச்சையும் அவர் பேசட்டும். அவர் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருக்க மாட்டார், அவர் எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடலாம்.

எவ்வளவு ஆயிற்று என்று அம்மா இன்னமும் கேட்கிறார். சீசனில் மல்கோவாவுக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுகிற ஆளிடம் 31,420 என்று சொல்ல எங்கள் யாருக்கும் தைரியம் இல்லை. ஆணையத்தில் மனு கொடுத்தாகிவிட்டது. அது தெரிந்தபிறகு அந்த ஆளே போன் செய்தார், இத்தனை நாளில் முதல் தடவையாக. 5,000 தருகிறேன், மனுவை வாபஸ் வாங்குங்கள் என்றார். முடியாது என்றேன். “சரிக்கா, கோபப்படாதீங்க. அப்பாவுக்கு எழுபது எப்ப வருது? நல்ல டிஸ்கவுண்ட்ல பண்ணித் தரேன்” என்றார். அந்த அழைப்பு பதிவாகியிருக்கிறது, மனுவோடு அதையும் சேர்க்கப் போகிறோம்.