எழுத்துரு இருக்கிறதா என்று யாரைக் கேட்பது? லில்லிபாண்ட் பயனர்களுக்கு ஓர் ஒப்பீடு

இசைத்தாளை அச்சுக்கேற்ப அமைத்துத் தரும் மென்பொருளான லில்லிபாண்டில் பாடல்வரிக்கோ தலைப்புக்கோ நாம் பெயர் சொல்லிக் கேட்ட எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், அது வேலையை நிறுத்துவதில்லை. எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபான்ட்கான்ஃபிக் என்னும் நிரலகம் எடுத்துக் கொடுக்கும் வேறோர் எழுத்துருவை வைத்து முழுத்தாளையும் முடித்துவிடுகிறது. பாடல்வரியின் அசைகள் அகலமானால் மேலுள்ள நோட்டுகளும் விலகும் என்பதால், இந்த மாற்றம் எழுத்தின் அழகோடு நிற்காமல் வரி முறிவையும் பக்கம் திருப்பும் இடத்தையும் குலைத்துவிடும். ஆகவே முன்கூட்டியே சோதிப்பது அவசியம். எந்த வழியில் சோதிப்பது என்பதில்தான் வேறுபாடு.

இயங்குதளத்தின் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பார்ப்பது எளிது, ஆனால் நம்பகம் குறைவு. விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல் ஓர் எழுத்துருவை ஒரு பயனருக்கு மட்டுமே நிறுவ முடிகிறது என்பதால், உங்கள் பட்டியலில் தெரிவது அதே கணினியின் வேறு கணக்கில் இல்லாமல் போகலாம்.

லினக்ஸ் பயனர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது ஃபான்ட்கான்ஃபிக்கின் எஃப்சி-மேட்ச், எஃப்சி-லிஸ்ட் என்னும் இரு கட்டளைகளை. எஃப்சி-மேட்ச் இல்லை என்று சொல்லத் தெரியாத கட்டளை: இல்லாத பெயரைக் கொடுத்தாலும் டெஜாவு சான்ஸ் போன்ற ஒன்றைப் பதிலாகத் தரும். அது உண்மையில் பதிலளிப்பது, 'இது இல்லையென்றால் எது வரும்' என்ற கேள்விக்கு; அந்த அளவில் பயனுள்ளதே. இருக்கிறதா இல்லையா என்று அறிய எஃப்சி-லிஸ்ட்டுக்குக் குடும்பப் பெயரைக் கொடுக்க வேண்டும். பொருந்தும் எழுத்துரு இல்லையென்றால் அது எதையும் அச்சிடாது. அமைதி விருப்பத்துடன் இயக்கினால் வெளியேறும் குறியீடாக 1 ஐத் தரும் என்பதால் தானியங்கி நிரலில் வைக்கவும் ஏற்றது. தமிழ்ப் பாடல்வரி சேர்ப்பவர்கள் மொழி அளவுருவாகத் தமிழைக் கொடுத்து, தமிழ் எழுத்துகள் உள்ளவற்றை மட்டும் வடிகட்டிக்கொள்ளலாம்.

எனினும் எஃப்சி-லிஸ்ட் காட்டுவது இயங்குதளத்தின் பார்வையை. லில்லிபாண்டின் அதிகாரபூர்வத் தொகுப்பு தனக்கென ஃபான்ட்கான்ஃபிக்கைக் கொண்டு வருகிறது. உள்ளீட்டுக் கோப்புக்குள்ளேயே கூடுதல் எழுத்துருக் கோப்புறையையும் சுட்ட முடிகிறது. எனவே லில்லிபாண்டையே கேட்பது மேல். கிடைக்கும் எழுத்துருக்களைக் காட்டச் சொல்லும் அதன் கட்டளைவரி விருப்பம், தேடிய கோப்புறைகளையும் சேர்த்தே பட்டியலிடும். ஆனால் கோப்புக்குள் சேர்த்த கோப்புறை அதில் வராது. அதற்கு, கோப்பிலேயே எழுத்துருக்களைக் காட்டும் ஸ்கீம் (லில்லிபாண்டுக்குள் எழுதக்கூடிய நிரல்மொழி) கட்டளையைக் கோப்புறை சேர்த்த வரிக்குக் கீழே எழுத வேண்டும்.

இசைக்குறிகளின் கதை வேறு. 2.24 பதிப்பில் லில்லிபாண்டின் இசை எழுத்துருவான எம்மெண்டாலர் எட்டு அளவுகளுக்கும் வரித்தொகுதிகளை இணைக்கும் பிணைப்புக்குறிக்குமாக ஒன்பது கோப்புகளாக, லில்லிபாண்டின் சொந்தக் கோப்புறையில் இருக்கிறது. ஸ்டைன்பெர்க்கின் பிராவுரா போன்ற, ஸ்மஃப்ல் என்னும் இசை எழுத்துருத் தரத்தைப் பின்பற்றும் எழுத்துருவை இயங்குதளத்தில் நிறுவி, அது எல்லாப் பட்டியலிலும் தெரிந்தாலும், நோட்டுகள் எம்மெண்டாலரிலேயே வரும். எம்மெண்டாலரும் ஸ்மஃப்ல் எழுத்துருக்களும் குறிகளுக்குப் பெயரிடும் முறை வேறு. இங்கே மேற்சொன்ன எந்தப் பட்டியலும் உதவாது.

நான் இறுதியாக நம்புவது, தேவையான எழுத்துருக்கள் அனைத்தையும் பயன்படுத்தும் ஒரு பார் (இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) அளவிலான மாதிரியைத் தொகுத்து, வரும் பிடிஎஃப் கோப்பை பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் பாப்ளர் தொகுப்பின் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கருவியில் கொடுப்பதை. எந்த எழுத்துரு உண்மையில் உட்பொதிந்தது என்பதை அது பெயரோடு சொல்லும். சற்று நேரம் பிடிக்கும், தமிழில் 'ஸ்ரீ', 'கொ' போன்றவை சரியாகக் கோத்து வந்தனவா என்பதைச் சொல்லாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆனால் மாற்று எழுத்துரு நுழைந்திருந்தால் இங்கே ஒளிய இடமில்லை. அன்றாடத் தொகுப்புக்கு எஃப்சி-லிஸ்ட் போதும். புதிய கணினிக்கு மாறும்போதும், லில்லிபாண்டைப் புதுப்பிக்கும்போதும் மாதிரி பார் தேவை, ஏனெனில் இசை எழுத்துருக்கள் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்புறைக்குள் இருப்பதால், நாமே அங்கே நகலெடுத்து வைத்த வேறு இசை எழுத்துருக்கள் புதிய பதிப்போடு தானாக வருவதில்லை.