பல்லுக்குப் போய் தாடையைத் தொலைச்சேன், ரெண்டரை மாசச் சம்பளமும் போச்சு. ஒரே சிட்டிங்னு சொன்னா உஷார்

கோவத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க. வாய்ஸ் நோட்டாதான் போடலாம்னு பாத்தேன், பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல பேசினா காதுக்கு முன்னாடி சுருக்குனு குத்துது. பல்லு வேலை பண்ணி இன்னிக்கு 19வது நாள்.

கிளினிக் பேர் சொல்லல. நிறைய கிளை, ஆப்ல புக்கிங், உள்ள போனா மெத்துனு சோபா, அந்த டைப்னு மட்டும் வெச்சுக்கங்க. எனக்கு கீழ வலது பக்கம் ரெண்டு கடைவாய்ப்பல்லுக்கும் ரூட் கேனால் பண்ணி கேப் போடணும். மத்த இடத்துல நாலஞ்சு தடவை இழுப்பாங்க, நம்மகிட்ட ஒரே சிட்டிங், கேப்பைக் கூட மெஷின்ல கடைஞ்சு அன்னிக்கே மாட்டிருவோம், உங்களுக்கு லீவு மிச்சம்னாங்க. முழுப் பணமும் முன்னாடியே கட்டணும். ரெண்டு மாசச் சம்பளம். கட்டினேன்.

கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. அதுல "தாடையில சத்தம், வலி, பூட்டிக்கறது உண்டா"ன்னு ஒரு கேள்வி. உண்டுன்னு டிக் அடிச்சு, கொட்டாவி விட்டா வலது பக்கம் டக்குனு சத்தம் வரும், வலி கிடையாதுன்னு பக்கத்துல கையாலயே எழுதினேன். இந்த ஃபார்மை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வரும்.

சேர்ல சாய்ஞ்சதும் டாக்டர் ரொம்ப அன்பா, "கண்ணை மூடிக்கங்க மேடம், தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள புதுப் பல்லு ரெடி"ன்னார். எனக்கு ஊசின்னாலே பயம், அந்தக் குரல்ல அப்படியே உருகிப் போய் கண்ணை மூடிட்டேன். இப்ப நெனச்சா என்னையே அறையணும் போல இருக்கு, அறைஞ்சாலும் வலிக்கப் போறது அதே தாடைதான்.

மூணு மணி நாற்பது நிமிஷம். வாய் மூடினது அந்த கேப் மெஷின்ல கடையற கொஞ்ச நேரம் மட்டும். மிச்ச நேரமெல்லாம் "இன்னும் பெருசா, இன்னும் பெருசா"தான், நான் அசந்து கொஞ்சம் மூடினா அசிஸ்டென்ட் கையால தாடையை கீழ அமுக்குவாங்க. மரப்பு விடுது விடுதுன்னு ஒரே இடத்துல மூணு ஊசி. ரெண்டு தடவை கையைத் தூக்கினேன், "அஞ்சே நிமிஷம் மேடம்"னாங்க, அந்த அஞ்சு நிமிஷம் முடியவே இல்ல. பாதி மூஞ்சி மரத்துக் கிடந்ததால எவ்வளவு இழுபட்டுதுன்னும் எனக்கு உறைக்கல.

மொத நாள் லேசான அலுப்புதான். மூணாவது நாள் காலையில பல் தேய்க்க வாயைத் திறக்கறேன், பிரஷ் உள்ள போக மாட்டேங்குது. ஒரு விரல், தம் கட்டினா ஒன்றரை விரல். நெத்திப்பொட்டு, கன்னம், காது எல்லாம் ஒரே வலி, காதுலதான் ஏதோன்னு காது டாக்டர்கிட்ட வேற ஓடினேன், காது சுத்தமா இருக்கு, தாடையைப் பாருங்கன்னு அனுப்பிட்டார்.

கிளினிக்குக்கு போன் போட்டா "ரெண்டு நாள்ல சரியாயிரும்". ரெண்டு நாள் கழிச்சுப் போட்டா "டாக்டர் கேஸ்ல இருக்கார்". மெசேஜ் பண்ணா நீல டிக் மட்டும் வருது. ஆறாவது நாள் நேர்ல போய் உக்காந்துட்டேன், அப்புறம்தான் உள்ள விட்டாங்க. ஓபிஜி, அதான் தாடை முழுசும் தெரியற எக்ஸ்ரே, எடுத்துட்டு "எல்லாம் நார்மல், உங்களுக்கு ஸ்ட்ரெஸ், தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க, நைட் கார்டு போடணும்"னாங்க. ராத்திரி பல்லு மேல மாட்டிக்கற பிளாஸ்டிக் உறை அது, அதுக்குத் தனியா அரை மாசச் சம்பளம். திறக்காத வாய்க்குள்ள அளவு எடுக்கற ட்ரேயைத் திணிச்சாங்க பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பவும் ஏமாளி மாதிரி கட்டினேன். ஆக ரெண்டரை. அந்த கார்டு இன்னிக்கு வரைக்கும் சரியா உக்காரல.

கார்டு உக்காரலன்னு போனா, "கடி சமமா இல்ல, எதிர்ப்பக்கப் பல்லுங்களைக் கொஞ்சம் கொஞ்சம் தேச்சுவிட்டா சரியாகும்"னு அடுத்த பேக்கேஜ். நல்லா இருக்கற பல்லைத் தேய்க்கணுமாம்! அங்கதான் எனக்கு முழிப்பு வந்துச்சு. வேணாம், செஞ்ச வேலையில ஏதாவது தப்பான்னு கேட்டேன். உடனே மேனேஜர் என் ஃபார்மை எடுத்து நீட்டறார். "பாருங்க, உங்களுக்கு ஏற்கனவே தாடைப் பிரச்சனை இருந்திருக்கு, நீங்களே எழுதிருக்கீங்க." அடப்பாவிங்களா! வாயைத் திறக்க வெக்கறதுக்கு முன்னாடி அதை ஒருத்தர் படிக்கல. பணம் திருப்பிக் கேட்டதும் மட்டும் என் கையெழுத்து அவ்வளவு அழகா தெரியுது.

அப்புறம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில வாய் முக அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். ஸ்கேல் வெச்சு அளந்தாங்க, 22 மில்லிமீட்டர். சாதாரணமா 40க்கு மேல திறக்கணுமாம், அதாவது நம்ம மூணு விரல் நிக்கவாட்டுல உள்ள போகணும். அந்த டாக்டரம்மா பத்து நிமிஷத்துல புரிய வெச்சாங்க. காதுக்கு முன்னாடி விரலை வெச்சு வாயைத் திறந்தா ஒண்ணு உருண்டு முன்னாடி வழுக்கும்ல, அதான் மூட்டு. நடுவுல சின்னதா ஒரு டிஸ்க் இருக்கு, எனக்கு டக்குனு கேட்டது அது நழுவி திரும்ப உக்கார்ற சத்தம். வாயை முழுசா திறந்தபடியே மணிக்கணக்கா வெச்சா மூட்டு அந்தக் கடைசி எல்லையிலயே நிக்கும், சுத்தி இருக்கற ஜவ்வும் கடிக்கற தசைங்களும் இழுபட்டுக்கிட்டே இருக்கும். அது போக கீழ்ப்பல் மரக்க பின்னாடி போடற ஊசி உள்பக்கத் தசையில பட்டு ரத்தம் கட்டினாலும் ரெண்டு மூணு நாள் கழிச்சு வாய் இறுகும். எனக்கு எதுன்னு சத்தியம் பண்ண முடியாது, ரெண்டுமே இருக்கலாம்னாங்க. ஓபிஜியில எலும்புதான் தெரியும், தசையும் டிஸ்க்கும் தெரியாது, அதனால அது நார்மலா வந்ததுல அதிசயம் ஒண்ணும் இல்லையாம்.

சிகிச்சைன்னு பாத்தா, வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம் 15, 20 நிமிஷம், தினம் மூணு நாலு தடவை, குழைவான சாப்பாடு, கொஞ்ச நாளைக்கு வீக்கம் குறையற மாத்திரை, வலிக்காத அளவுக்கு மெதுவா திறந்து மூடற பயிற்சி. சும்மா இருக்கறப்ப உதடு மூடி இருக்கணும், பல்லு பல்லைத் தொடக் கூடாது. அவ்வளவுதான். ஏறக்குறைய காசே இல்லாத வைத்தியம். இன்னிக்கு அளந்தா 31.

இன்னிக்கு சாயங்காலம் கிளினிக்ல கடைசியா சொன்னது "பாலிசி இல்ல மேடம்". ரெண்டரை மாசச் சம்பளம், ரீஃபண்ட் பூஜ்யம்.

என்ன பண்ணணும்னு விலாவாரியா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், தலை வலிக்குது, சுருக்கமா சொல்லிடறேன். தாடையில சத்தமோ வலியோ இருந்தா ஃபார்மோட விடாதீங்க, டாக்டர் மூஞ்சியைப் பாத்து வாயால சொல்லுங்க. ரெண்டு மூணு சிட்டிங்கா பிரிச்சுக் கேளுங்க. கடிச்சுக்கற ரப்பர் கட்டை கேளுங்க, தசைக்குக் கொஞ்சம் தாங்கலா இருக்கும், ஆனா அதையும் அகலமா மாட்டி அப்படியே விட்டுடக் கூடாது. கையைத் தூக்கினா நிறுத்தணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கங்க. முழுப் பணம் முன்னாடி கட்டாதீங்க. புது கேப் உசரமா இடிச்சா அதைத் தேய்க்கச் சொல்லலாம், தாடை வலிக்குன்னு நல்ல பல்லைத் தேய்க்க விடாதீங்க, போன எனாமல் திரும்ப வளராது. காய்ச்சல், வீக்கம், முழுங்க முடியல, வாய் திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னா காத்திருக்காம ஓடுங்க.

கொட்டாவி வந்தா மோவாய்க்குக் கீழ முஷ்டியை முட்டுக் குடுங்க. இருங்க, எனக்கு இப்ப ஒண்ணு வருது.